நச்சின் பாதி வேலையை நம் ரத்தப் புரதங்களே செய்து கொடுக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்சிஸால், அதாவது தொற்றுக்கு உடம்பு காட்டும் கட்டுக்கடங்காத எதிர்வினையால், ஒருவர் இறந்துபோன செய்தி வரும்போதெல்லாம் நாளிதழ்களில் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் வருகிறது. கிருமி ரத்தத்தில் கலந்தது, நச்சு உடம்பு முழுக்கப் பரவியது, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நடுவில் நடக்கிற முக்கியமான விஷயம் மொத்தமும் விடுபட்டுப் போகிறது, அது விடுபடுவதால் மக்கள் தவறான முடிவுகளுக்கு வருகிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், அந்த நடு விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பாக்டீரியாவின் நச்சு ரத்தத்துக்குள் வந்தால் அது முதலில் சந்திப்பது இதயத்தையோ சிறுநீரகத்தையோ இல்லை, ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்களைத்தான். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் திரவத்தில், 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அல்புமின், அப்புறம் ஆன்டிபாடிகள், ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் 2 முதல் 4 கிராம், கொழுப்பைச் சுமந்து திரியும் எச்.டி.எல்., எல்.டி.எல். துகள்கள், இன்னும் நூற்றுக்கணக்கான புரதங்கள் சிறு சிறு அளவில். இந்தக் கூட்டத்தில் நச்சு எதைப் பிடிக்கிறது, எது நச்சைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து அதே நச்சு பல மடங்கு கொடியதாகவும் மாறலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். பல நச்சுகளுக்குத் தனியாகச் செய்யும் சக்தியே கிடையாது. நம் புரதத்தை வைத்துத்தான் நம்மைத் தாக்குகின்றன.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் கையால் செய்கிற சோதனையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சீழிலிருந்து வளர்த்தெடுத்த கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தானா என்று தெரிய வேண்டுமானால் அதை முயல் பிளாஸ்மாவில் கலந்து 37 டிகிரி செல்சியஸில் வைப்போம். அந்தக் கிருமியாக இருந்தால் பெரும்பாலும் 4 மணி நேரத்துக்குள் பிளாஸ்மா கட்டியாகிவிடும், குழாயைச் சாய்த்தாலும் ஓடாது. கோயாகுலேஸ் சோதனை என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பிளாஸ்மாவில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ரசாயனம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. கால்சியம் இல்லாமல் ரத்தம் வழக்கமான வழியில் உறையவே முடியாது. இருந்தும் உறைகிறது. அப்படியென்றால் கிருமி வழக்கமான வழியில் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

அது எப்படி என்று 2003ல்தான் தெளிவாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். நம் ரத்தத்தில் புரோத்ராம்பின் என்ற புரதம் செயலற்ற நிலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காயம் பட்டால் வேறு புரதங்கள் வந்து அதைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும், வெட்டிய முனை அதன் உள்ளேயே இருக்கும் ஒரு பள்ளத்தில் போய் உட்காரும், உடனே அது த்ராம்பினாக விழித்துக்கொண்டு ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றும். இந்த வெட்டுக்குத்தான் உடம்பில் அத்தனை கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. கிருமி சுரக்கும் கோயாகுலேஸ் என்ற புரதம் வெட்டுவதே இல்லை. தன்னுடைய முனையைக் கள்ளச்சாவி மாதிரி அந்தப் பள்ளத்தில் நுழைத்துவிடுகிறது, புரோத்ராம்பின் வெட்டுப்படாமலேயே விழித்துக்கொள்கிறது. இப்படி உருவான ஜோடியை, த்ராம்பினை அடக்குவதற்கென்றே ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ராம்பின் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. கிருமி தன்னைச் சுற்றி நம் ஃபைப்ரினாலேயே ஒரு வேலி கட்டிக்கொள்கிறது, வெள்ளை அணுக்கள் வெளியே நிற்கின்றன. கிருமியின் மேற்பரப்பில் ஃபைப்ரினோஜனைப் பிடித்துக்கொள்வதற்கென்று தனியாக ஒரு புரதமும் இருக்கிறது, அது வேலியைக் கிருமியோடு ஒட்ட வைத்துக்கொள்ளும்.

அதே சோதனையை 4 மணி நேரத்தில் பார்க்காமல் மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சில சமயம் கட்டி கரைந்துபோயிருக்கும், அனுபவமில்லாதவர்கள் இது வேறு கிருமி என்று எழுதிவிடுவார்கள். காரணம், அந்தக் கிருமிகளில் பல ஸ்டஃபைலோகைனேஸ் என்று இன்னொரு புரதத்தையும் சுரக்கின்றன. அது ரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜனை உசுப்பிவிடும், அது ஃபைப்ரினைக் கரைக்கும். வேலி கட்டவும் நம் புரதம், வேலியைக் கரைத்து அடுத்த இடத்துக்குப் பரவவும் நம் புரதம். இத்தனை வருட வேலைக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

இந்தக் கரைக்கும் வேலையை மருந்தாக மாற்றிய கதையை உங்கள் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1933ல் வில்லியம் டில்லெட், கார்னர் என்ற இருவர், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வளர்ந்த திரவம் மனித ரத்தக் கட்டியைக் கரைப்பதை எழுதினார்கள். அதுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். அதுவும் எதையும் வெட்டாது, பிளாஸ்மினோஜனோடு ஒட்டிக்கொண்டு அதை விழிக்க வைக்கும், அவ்வளவே. அரை நூற்றாண்டு கழித்து மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைப் பெரிய அளவில் ஊசியாக ஏற்றிச் சோதித்தார்கள். 1988ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 17,187 நோயாளிகள். 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒரு மணி நேரத்தில் ஏற்றியபோது முதல் ஐந்து வாரங்களில் இறப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது, ஆஸ்பிரினும் சேர்ந்தால் 42 சதவீதம். கிருமி நம்மைத் தாக்க வைத்திருந்த ஆயுதம் எத்தனையோ பேருடைய இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு முறை போட்டவருக்கு உடம்பில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகிவிடும் என்பதால் மறுபடி போடத் தயங்குவார்கள். அந்த ஆன்டிபாடியும் ஒரு ரத்தப் புரதம்தான்.

இந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் மனிதப் பிளாஸ்மினோஜனைத்தான் நன்றாகப் பிடிக்கும், எலியின் பிளாஸ்மினோஜனை அது கிட்டத்தட்ட கண்டுகொள்வதில்லை. 2004ல் எலிகளுக்கு மனிதப் பிளாஸ்மினோஜன் மரபணுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை தாக்குப்பிடித்த எலிகள் அதே கிருமிக்கு எளிதில் இரையாகின. கிருமி மாறவில்லை, எலியின் ரத்தத்தில் ஒரே ஒரு புரதம் மாறியது. நான் சொல்லவந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, இப்போது செப்சிஸ் செய்திகளில் அடிக்கடி வரும் எண்டோடாக்சினுக்கு வருகிறேன். 1892ல் ரிச்சர்ட் ஃபைஃபர் காலராக் கிருமியை ஆராய்ந்தபோது செத்த கிருமியும் நச்சாக இருப்பதைக் கண்டு வைத்த பெயர் அது. கிருமி சுரந்து வெளியே விடுகிற பொருள் இல்லை இது, ஈ.கோலை மாதிரியான கிருமிகளின் வெளிச்சுவரிலேயே இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. கிருமி உடையும்போது நிறைய வெளியே வரும். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் ஊசியில் ஏற்றினாலே ஓரிரு மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி எல்லாம் வந்துவிடும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவு எப்படி இவ்வளவு பெரிய கலவரத்தை உண்டாக்குகிறது?

நம் கல்லீரல்தான் அதற்கு ஆள் அனுப்புகிறது. எல்.பி.பி. என்று ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது, எண்டோடாக்சினைப் பிடிப்பதுதான் அதன் வேலை. எண்டோடாக்சினுக்குக் கொழுப்பு வால் இருப்பதால் தண்ணீரில் அது தனியாக நிற்காது, கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். எல்.பி.பி. அந்தக் கட்டியிலிருந்து ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரித்து வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் சி.டி.14 என்ற புரதத்திடம் கொடுக்கிறது, அங்கிருந்து அது டி.எல்.ஆர்.4 என்ற வாங்கியிடம், அதாவது செல்லின் மேலிருந்து ஆபத்தை உணரும் புரதத்திடம், போகிறது. அந்த வாங்கிதான் எண்டோடாக்சினை உணர்கிறது என்று 1998ல் கண்டறிந்த ப்ரூஸ் பாய்ட்லர் 2011ல் நோபல் பரிசு வாங்கினார். அதற்கப்புறம் வெள்ளை அணு எச்சரிக்கைப் புரதங்களை அள்ளி வீசுகிறது, ரத்தக்குழாய்கள் கசிகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது, ஒரு பக்கம் நுண்குழாய்களில் ரத்தம் உறைய மறுபக்கம் உறைய வைக்கும் பொருள்கள் தீர்ந்துபோய் ரத்தம் கசியவும் ஆரம்பிக்கிறது.

அப்படியானால் எல்.பி.பி. கெட்டதா, அதை முடக்கிவிட்டால் போதுமா? 1997ல் அது இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சுத்தமான எண்டோடாக்சினை ஏற்றினால் அந்த எலிகள் அசையவில்லை. ஆனால் உயிருள்ள சால்மோனெல்லாக் கிருமியைக் கொடுத்தபோது மற்ற எலிகளைவிட எளிதாகச் செத்தன, ஏனென்றால் கிருமி வந்ததே உடம்புக்குச் சரியாகத் தெரியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எல்.பி.பி. குறைவாக இருக்கும்போது எண்டோடாக்சினை வெள்ளை அணுவிடம் கொண்டு சேர்க்கிறது, நோயின்போது அது பல மடங்கு கூடியதும் அதே எண்டோடாக்சினை எச்.டி.எல். மாதிரியான கொழுப்புத் துகள்களிடம் ஒப்படைத்து அடக்கவும் செய்கிறது. துகளுக்குள் போன எண்டோடாக்சினைக் கல்லீரல் எடுத்துப் பித்தத்தில் தள்ளிவிடும். ஒரே புரதம், அளவைப் பொறுத்து வேலை மாறுகிறது. நல்ல புரதம், கெட்ட புரதம் என்று பிரித்து எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்தால் நிலைமை மோசமாகும், அது எண்டோடாக்சினோடு ஒட்டி அதன் வீரியத்தைக் கூட்டுகிறது. சில கிருமிகள் அந்த ஹீமோகுளோபினிலிருந்தே இரும்பையும் உருவிக்கொள்கின்றன.

ஊசி மருந்துகளில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று பார்க்க லாட வடிவ நண்டின் ரத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள், அதன் ரத்த அணுக்களில் உள்ள பொருள் எண்டோடாக்சின் பட்டதும் கட்டியாகும் என்று 1950, 60களில் ஃப்ரெடெரிக் பேங்கும் ஜாக் லெவினும் கண்டுபிடித்தது அது. தண்ணீரிலும் மருந்திலும் அருமையாக வேலை செய்யும் அதே சோதனையை நோயாளியின் பிளாஸ்மாவில் அப்படியே செய்தால் நம்பகமான விடை கிடைக்காது. பிளாஸ்மாப் புரதங்கள் எண்டோடாக்சினைப் பிடித்து மறைத்துக்கொள்கின்றன, சோதனையிலும் குறுக்கிடுகின்றன. நீர்க்கச் செய்து, சூடாக்கி, புரதங்களை ஒதுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதனால் ரத்தத்தில் எவ்வளவு நச்சு இருக்கிறது என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்வது கடினம், எவ்வளவு எதோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நச்சை மட்டும் குறிவைத்த மருந்துகள் வரிசையாகத் தோற்ற வரலாறு இதில்தான் புரியும். 1990களின் தொடக்கத்தில் சென்டாக்சின் என்று ஒரு மருந்து வந்தது, எண்டோடாக்சினைப் பிடிக்கும் ஆன்டிபாடி, பெரிய நம்பிக்கை. 1993ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டி.எல்.ஆர்.4 வாங்கியை அடைக்கும் எரிடோரான் 2013ல் வெளியான பெரிய ஆய்வில் உயிரிழப்பைக் குறைக்கவில்லை. ரத்த உறைவைக் கட்டுப்படுத்தும் நம் சொந்தப் புரதம் ஒன்றையே மருந்தாகச் செய்து 2001ல் அனுமதி வாங்கினார்கள், 2011ல் அதையும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோயாளி மோசமாகி வந்து படுக்கும் நேரத்தில் எண்டோடாக்சின் தன் செய்தியைக் கொடுத்து முடித்திருக்கும், புரதங்கள் அதைக் கைமாற்றி முடித்திருக்கும், அதன் பிறகு நச்சைத் துரத்தி என்ன பயன் என்பது என் கணிப்பு. வேறு காரணங்களும் உண்டு, நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, எல்லாருக்கும் எண்டோடாக்சின் உள்ள கிருமிதான் என்றும் இல்லை. எலியில் வெற்றி என்று வரும் செய்திகளைத் தலைப்பில் போடுவதற்கு முன் யோசிக்கச் சொல்வதும் இதனால்தான். எலி மனிதனைவிட ஆயிரக்கணக்கான மடங்குக்கும் அதிகமான எண்டோடாக்சினைத் தாங்கும், அதற்கு எலியின் ரத்தப் புரதங்களே ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2010ல் ஓர் ஆய்வு சொன்னது.

இதே காரணத்தால் உங்கள் நாளிதழில் வரும் விளம்பரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரத்தத்தைச் சுத்தம் செய்யும், நச்சை வெளியேற்றும் என்று பொடிகளும் சாறுகளும். செப்சிஸ் பற்றிய செய்தியின் பக்கத்திலேயே அப்படி ஒரு விளம்பரம் இருந்தால் படிக்கிறவர் இரண்டையும் முடிச்சுப் போடுவார். எண்டோடாக்சினை இறுக்கமாகப் பிடிக்கும் பாலிமிக்சின் பூசிய வடிகட்டி வழியாக நோயாளியின் ரத்தத்தையே இயந்திரத்தில் ஓட்டும் சிகிச்சை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. எண்டோடாக்சின் அதிகம் என்று அளந்து தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2018ல் வெளியிட்டார்கள், இறப்பு குறையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்தை நேரடியாக வடிகட்டியே சாதிக்க முடியாததை வாய் வழியாகக் குடிக்கும் ஒரு சாறு சாதிக்கும் என்று அச்சிடுவது எப்படி நியாயம்? அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் உங்களுக்கு இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன்.

இதுவரை நம் புரதங்கள் ஏமாறுவதைத்தான் சொன்னேன். அவை காப்பதும் உண்டு, அந்தப் பக்கம்தான் எனக்கு அதிக நம்பிக்கை தருவது. 1890ல் எமில் ஃபான் பேரிங்கும் கிடாசாடோவும், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), ரணஜன்னி (டெட்டனஸ்) நச்சுகளுக்குப் பழக்கிய விலங்கின் ரத்தத் திரவத்தை எடுத்து வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் நச்சிலிருந்து தப்புவதைக் காட்டினார்கள். ரத்தத்தில் கரைந்த ஏதோ ஒன்று நச்சை முடக்குகிறது. அது என்ன புரதம் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது, இன்று ஆன்டிபாடி என்கிறோம். முதல் மருத்துவ நோபல் பரிசு, 1901ல், பேரிங்குக்குப் போனது இதற்காகத்தான். குதிரையின் ரத்தத்திலிருந்து செய்த தொண்டை அடைப்பான் எதிர்நச்சு எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. ஆனால் அதற்கு ஒரு கண்டிப்பான எல்லை உண்டு. ரத்தத்தில் தனியாகத் திரியும் நச்சைத்தான் அது பிடிக்கும், செல்லுக்குள் புகுந்துவிட்ட நச்சை எந்த ஆன்டிபாடியாலும் வெளியே இழுக்க முடியாது. அதனால்தான் தொண்டை அடைப்பான் என்று மருத்துவர் சந்தேகப்பட்டாலே ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் எதிர்நச்சைக் கொடுக்கச் சொல்கிறார்கள். முடிவு வந்தபின் போடலாமே என்று தயங்கும் உறவினர்களுக்கு இந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தால்கூடப் போதும்.

ரணஜன்னியில் இன்னொரு விசித்திரம். உயிரைக் கொல்லப் போதுமான நச்சின் அளவு மிகமிகச் சிறியது, அது எதிர்ப்புச் சக்தியை எழுப்பக்கூடப் போதாது. அதனால் ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் பாதுகாப்பு வராது, அவருக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். கர்ப்பிணிக்குப் போடும் ரணஜன்னி ஊசியில் உருவாகும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது, பிறந்த குழந்தை முதல் வாரங்களைத் தாண்டுவது அம்மாவின் ரத்தப் புரதத்தை வைத்துத்தான். ஊசி எதற்கு, நானும் என் அம்மாவும் ஊசி போடாமலேதான் வளர்ந்தோம் என்று பேசுகிறவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

ஆன்டிபாடியையும் விட்டுவைக்காத கிருமிகள் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸின் புரோட்டீன் ஏ, ஆன்டிபாடியை அதன் வால் பக்கமாகப் பிடித்துத் தலைகீழாக ஒட்ட வைத்துக்கொள்கிறது, வெள்ளை அணு பிடிக்க வேண்டிய முனை அதற்குக் கிடைக்காமல் போகிறது. ஆன்டிபாடி மருந்துகளைத் தொழிற்சாலையில் சுத்தப்படுத்த இதே புரோட்டீன் ஏ உதவுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்னும் ஒரு படி மேலே போய் ஆன்டிபாடியை நடுவில் வெட்டியே விடுகிறது, அந்த வெட்டும் நொதியைச் சிறுநீரக மாற்று சிகிச்சையில் பயன்படுத்த 2020ல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள்.

அல்புமினைப் பற்றி ஒரு வார்த்தை. குடலில் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் இரண்டு முக்கிய நச்சுகளோடும் அல்புமின் ஒட்டிக்கொண்டு, அவை செல்லுக்குள் நுழைவதைக் குறைக்கிறது என்று 2018ல் ஓர் ஆய்வு வந்தது. அல்புமின் குறைந்த நோயாளிகளுக்கு அந்த நோய் மோசமாக வருவது ஏற்கெனவே தெரிந்ததுதான். இதைப் படித்துவிட்டுப் புரதச்சத்து மாவு வாங்க ஓட வேண்டாம். கடும் நோயின்போது அல்புமின் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு இல்லை, கல்லீரல் வேறு புரதங்களைத் தயாரிப்பதற்கு மாறிவிடுகிறது, குழாய்களிலிருந்து அல்புமின் வெளியே கசியவும் செய்கிறது.

அப்படிக் கல்லீரல் மாறித் தயாரிக்கும் புரதங்களில் ஒன்றுதான் எல்லாருடைய ரத்தப் பரிசோதனைத் தாளிலும் இப்போது இருக்கும் சி.ஆர்.பி. அதை 1930ல் கண்டறிந்ததிலும் அதே வில்லியம் டில்லெட் இருக்கிறார். நிமோனியாக் கிருமியின் சுவரில் உள்ள ஒரு பொருளோடு ஒட்டுவதை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். தொற்று தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அது எந்தக் கிருமி என்று சொல்லாது, கிருமிதானா என்றுகூட உறுதியாகச் சொல்லாது. சி.ஆர்.பி. கூடியிருக்கிறது, ஆன்டிபயாட்டிக் கொடுங்கள் என்று தாளை நீட்டி மருந்துக்கடையில் கேட்கிறார்கள். இது ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஷிகா நச்சைச் சொல்லலாம். சில வகை ஈ.கோலை கிருமிகள் குடலில் இதைச் சுரக்கின்றன. ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, ஒரு வாரம் கழித்துச் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, சிறுநீரகம் நின்றுபோவது. 2011ல் ஜெர்மனியில் 3,800க்கும் மேற்பட்டவர்கள் இப்படி நோயுற்றார்கள், 800க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம்வரை போனது, 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் ஷிகா நச்சின் இரண்டாம் வகையைப் பிடித்து முடக்குவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் கடும் நோயை உண்டாக்குவது பெரும்பாலும் அதே வகைதான், அதாவது அந்தக் காவல் போதவில்லை. சில ஆன்டிபயாட்டிக்குகள் இந்தக் கிருமியை இன்னும் அதிக நச்சைத் தயாரிக்கத் தூண்டுகின்றன. மலத்தில் ரத்தம் போனால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம்தான் போக வேண்டும், பரிசோதனைக்குப் பிறகு எது தேவை என்று அவர் சொல்லட்டும்.

அதே சமயம் உண்மையான செப்டிக் ஷாக்கில், அதாவது செப்சிஸால் ரத்த அழுத்தம் ஆபத்தாக விழும் நிலையில், ஆன்டிபயாட்டிக்கை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று 2021ன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. முன்னே சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை. எப்போது, எந்தக் கிருமிக்கு என்பதுதான் கேள்வி, அதை மருத்துவர் முடிவு செய்ய நேரம் கிடைக்க வேண்டும் என்றால் நோயாளி சீக்கிரம் வர வேண்டும். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இரண்டு. செப்சிஸ் செய்தி போடும்போது அதன் கீழே நான்கு வரி இடம் ஒதுக்கி அறிகுறிகளை எழுதுங்கள். காய்ச்சலோடு திடீர்க் குழப்பம், வேகமாக மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, கைகால் சில்லிடுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பிறகும் ஓரிரு நாள் நோயாளி மோசமாகலாம், கிருமி செத்தாலும் உறைவும் கசிவும் உடனே நிற்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இது தெரியாமல்தான் குடும்பத்தார் சண்டை போட்டுக்கொண்டு நோயாளியைப் பாதியில் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், போகும் வழியில் சிகிச்சை நின்றுபோகிறது.

இரண்டாவது, ஆரோக்கியப் பக்கத்தில் பெரியவர்களுக்கான தடுப்பூசி அட்டவணையைப் போடுங்கள். குழந்தைகளுக்கானது அடிக்கடி வருகிறது, பெரியவர்களுக்கானது கண்ணில் படுவதே இல்லை. ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்ந்த ஊசியைப் பல நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், கடைசியாக எப்போது போட்டோம் என்று உங்கள் வாசகர்களில் பலருக்கு நினைவே இருக்காது.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு வாசகர்